வலது காலை நொண்டும் வாத்து: காரணத்தை எங்கே தேடுவது?

திருச்சி வெள்ளை | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு வாத்து. வெள்ளை பெக்கின் இனம், பெட்டை, வயது ஒன்றேகால். பெயர் அல்வா. வியாழக்கிழமை காலையிலிருந்து நொண்டுகிறது. வலது காலை ஊன்றுகிறது, உடனே எடுத்துவிடுகிறது. நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துகொள்கிறது. தீனி குறையவில்லை. சத்தம் சுத்தமாகக் குறையவில்லை.

பாதத்தைப் பார்த்தேன், முள் எதுவும் குத்தியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கூடையில் வைத்துப் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை, கால்சியம் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்று நாளாக ஊற்றுகிறேன், மாற்றமே இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஒருவர் சத்துக் குறைவு என்கிறார், இன்னொருவர் சுளுக்கு என்கிறார், எதிர்வீட்டுத் தாத்தா "வாத்துன்னா அப்படித்தான் நடக்கும்" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

கொங்குப் பண்ணை | ஞாயிறு, இரவு 9:40

பி காம்ப்ளெக்ஸ் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கூடவே என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள். வலி அதிகமாக இருந்தால் நமக்குப் போடும் டைக்ளோஃபினாக் மாத்திரையில் கால் துண்டு. பதினெட்டு வருடமாக பிராய்லர் வளர்க்கிறேன், பறவைக் கால் எனக்குப் புதிதல்ல. பண்ணையாக இருந்தால் வேறு முடிவு சொல்லியிருப்பேன், உங்களுடையது செல்லம் என்பதால் சொல்லவில்லை.

நாமக்கல் மாணவி | ஞாயிறு, இரவு 10:25

அண்ணா, டைக்ளோஃபினாக் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணமே அந்த மருந்துதான். அது போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் பழுதானது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். வாத்து கழுகில்லைதான், ஆனாலும் நான் அந்தச் சோதனையைச் செய்ய மாட்டேன். பறவைக்கு ஏற்ற வலி மருந்து இருக்கிறது. எடை பார்த்து மருத்துவர் அளவு சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாட்டிக்கும் இப்போது வேண்டாம். எதற்கென்றே தெரியாமல் ஐந்து நாள் கொடுத்தால், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது என்ன கிருமி என்று பரிசோதனையில் பிடிப்பது கடினம்.

வெள்ளை, நான் இன்னும் மருத்துவர் ஆகவில்லை, இறுதியாண்டுதான். ஆனால் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது இதைத்தான்: ஒரு காலா, இரண்டு காலா என்று பார். இரண்டு காலும் ஒன்றாகத் தளர்ந்தால் தீவனம், நஞ்சு, நரம்பு, முட்டை அடைப்பு என்று உடம்பு முழுக்கத் தேட வேண்டும். ஒரே கால் என்றால் பெரும்பாலும் காரணம் அந்தக் காலிலேயே எங்கோ உட்கார்ந்திருக்கும். உங்களுடையது ஒரு கால். அதனால் டானிக்கை ஓரமாக வையுங்கள்.

நாளைக் காலை வெளிச்சத்தில் மூன்று வேலை. பின்னாலிருந்து நடக்கவிட்டு ஒரு வீடியோ எடுங்கள். அப்புறம் ஒரு பெரிய டப்பில் கால் தரை தட்டாத அளவுக்குத் தண்ணீர் நிரப்பி அதில் விடுங்கள். நீந்தும்போது இரண்டு காலாலும் தள்ளுகிறதா? தண்ணீரில் நன்றாகத் தள்ளி, தரையில் மட்டும் நொண்டினால் எடை தாங்கும்போதுதான் வலிக்கிறது என்று கொள்ளலாம். தண்ணீரிலும் அந்தக் கால் சும்மா தொங்கினால் எலும்பு அல்லது நரம்பு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூன்றாவது, இரண்டு பாதத்தையும் சோப்புப் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டுப் பாருங்கள். மேலே இருந்து பார்ப்பது பார்ப்பதே இல்லை.

செய்யாற்றங்கரை | ஞாயிறு, இரவு 11:02

முதலில் ஒரு கேள்வி. வாத்தைத் தூக்கும்போது எங்கே பிடிக்கிறீர்கள்?

எங்கள் அப்பா வாத்து மேய்த்தவர். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லுக்கும் நத்தைக்கும் ஆயிரம் வாத்தை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். சின்னப் பையனாக இருந்தபோது ஒருமுறை கோழியைப் பிடிப்பதுபோல வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கினேன். அன்றைக்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. கோழிக்குக் கால் பலம், வாத்துக்குக் கழுத்துதான் பலம். காலைப் பிடித்தால் தொடை மூட்டு நழுவிவிடும். கழுத்தை மெதுவாகப் பிடித்து, உடனே இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் விசாரியுங்கள், நீங்கள் இல்லாதபோது யாராவது காலைப் பிடித்து இழுத்தார்களா என்று.

திருச்சி வெள்ளை | திங்கள், காலை 8:50

நன்றி எல்லோருக்கும். கழுவிப் பார்த்ததில் நான் "முள் இல்லை" என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். உள்ளங்காலின் நடுவில் மிளகு அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவந்து தடித்திருக்கிறது. அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறது. தண்ணீரில் விட்டேன், இரண்டு காலாலும் தள்ளுகிறது, வலது கால் கொஞ்சம் மெதுவாக.

குழந்தைகளை விசாரித்தேன். யாரும் காலைப் பிடிக்கவில்லையாம். அக்கா பையன் சத்தியம் செய்கிறான், அவன் சத்தியத்துக்கு வீட்டில் அவ்வளவு மதிப்பு கிடையாது.

வலிகாமம் வளவு | திங்கள், காலை 9:30

இது பம்பிள்ஃபுட், உள்ளங்கால் புண். எங்கள் தாரா (வாத்து) ஒன்றுக்கும் வந்தது. வளவு முழுக்க மண்ணாக இருந்த காலத்தில் வரவில்லை, முற்றத்துக்குச் சீமெந்து போட்ட பிறகுதான் வந்தது. பாரமான தாரா கரடான தரையில் நடந்து உள்ளங்கால் தேய்ந்து, அந்தக் கீறலுக்குள் கிருமி போய்ச் சீழ் கட்டிவிடும். பறவைச் சீழ் எங்களுடையதைப் போல வழியாது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகிக் கிடக்கும். அதனால் அமத்தி எடுக்கப் பார்த்து மினக்கெட வேண்டாம்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் எப்சம் உப்புக் கரைத்து நாளுக்கு இரண்டு தரம் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊற வைத்தோம். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது, பேதியாகும். பிறகு துடைத்து, அயோடின் பூசி, காஸ் வைத்துக் கட்டினோம். ஒரு கிழமையில் பொருக்கு இளகியது. ஆழமாக இருந்த மிச்சத்தை மிருக வைத்தியர்தான் எடுத்தார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கிருமி எங்கள் கையிலுள்ள வெட்டுக்காயத்துக்குள்ளும் போகும்.

கொங்குப் பண்ணை | திங்கள், காலை 10:05

பிளேடால் கீறி எடுத்துவிட வேண்டியதுதானே. இரண்டு நிமிட வேலை.

வலிகாமம் வளவு | திங்கள், காலை 10:20

இரண்டு நிமிட வேலைதான், இரத்தம் நிற்க இருபது நிமிடம். மயக்க மருந்தில்லாமல் உங்கள் உள்ளங்காலை யாராவது கீறினால் தெரியும். ஆழம் தெரியாமல் தோண்டினால் நரம்பு, எலும்பு வரை கிருமியை நாங்களே கொண்டுபோய் விடுவோம்.

நாமக்கல் மாணவி | திங்கள், மதியம் 1:15

ஒரு நிமிடம். வெள்ளை, பொருக்கு இருப்பது எந்தப் பாதத்தில்?

திருச்சி வெள்ளை | திங்கள், மதியம் 1:32

இடது.

அட. நொண்டுவது வலது.

நாமக்கல் மாணவி | திங்கள், மதியம் 2:10

அதுதான் எனக்கு இடித்தது. நீங்கள் அனுப்பிய வீடியோவையும் மூன்று முறை பார்த்தேன், நொண்டுவது வலதுதான். வலது காலில் வலி இருந்தால் எடை முழுக்க இடது காலில் இறங்கும். நல்ல காலுக்கு இரட்டை வேலை, அதனால் அதன் உள்ளங்கால் தேய்ந்து புண்ணாகும். அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்திருப்பது விளைவு, காரணம் இன்னும் மேலே எங்கோ இருக்கிறது. வியாழக்கிழமைதான் நொண்ட ஆரம்பித்தது என்று நினைக்கிறீர்கள். இவ்வளவு பெரிய பொருக்கு நான்கு நாளில் வராது. அது பல வாரமாகவே வலது காலைக் காப்பாற்றிக்கொண்டு நடந்திருக்க வேண்டும், வாத்து நடையில் நமக்குத் தெரியவில்லை.

வலது காலை விரல் நுனியிலிருந்து மேலே தடவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு இடத்தையும் இடது காலோடு ஒப்பிடுங்கள். சூடு, தடிப்பு, விரல் மடங்கி நீளும் விதம். பார்வைக்கு முழங்கால் பின்பக்கம் மடிவதுபோல் ஒரு மூட்டுத் தெரியுமே, உண்மையில் அது கணுக்கால். அங்கே நிதானமாகப் பாருங்கள்.

மாடித்தோட்டம் சேலம் | திங்கள், மாலை 4:40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் மூன்று வார வாத்துக் குஞ்சுகள் ஆறு. நான்கு குஞ்சுகளுக்கு இரண்டு காலும் வில் மாதிரி வளைகிறது, நடக்காமல் கணுக்காலில் உட்கார்ந்து தேய்க்கின்றன. கொடுப்பது கோழிக்குஞ்சுத் தீவனம். இதுவும் பம்பிள்ஃபுட்டா?

நாமக்கல் மாணவி | திங்கள், மாலை 5:25

இல்லை, சேலம், உங்களுடையது வேறு கதை. குஞ்சு, இரண்டு கால், கோழித் தீவனம் என்ற மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் நயாசின் மேல். பி வைட்டமின்களில் ஒன்று, பி3. கோழி தன் உடம்பிலேயே டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஓரளவு நயாசின் செய்துகொள்ளும், வாத்துக்கு அது சரியாக வராது. வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் வேண்டும், கோழிக்குஞ்சுக்கு வேண்டியதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கிடைத்தால் ஒரு கப் தீவனத்துக்கு ஒன்றரை மேசைக்கரண்டி கலந்து கொடுங்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் வேறு, அதைப் போடாதீர்கள். இன்றே தொடங்குங்கள், எலும்பு முற்றிய பிறகு வளைவு நிமிராது. தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிட்டுச் சாக்கு போடுங்கள், வழுக்கும் தரையே பாதிக் குஞ்சுகளைக் கெடுக்கும். எந்தக் குஞ்சுக்காவது கணுக்காலின் பின்னால் ஓடும் தசைநாண் பக்கவாட்டில் நழுவிக் கால் திருகியிருந்தால் அதற்கு ஈஸ்ட் போதாது. மாங்கனீசு, கோலின் குறைவிலும் அப்படி ஆகும். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

செய்யாற்றங்கரை | திங்கள், இரவு 8:15

இரண்டு கால் என்றதும் எனக்கு ஒரு கோடை நினைவுக்கு வருகிறது. ஏரி வற்றி ஓரத்தில் சேறும் செத்த மீனுமாகக் கிடந்தது. மந்தையை அங்கே இறக்கினோம். மறுநாள் நாற்பது, ஐம்பது வாத்து எழுந்திருக்கவில்லை. முதலில் கால் போனது, அப்புறம் இறக்கை, கடைசியில் கழுத்தைத் தூக்க முடியாமல் தரையில் போட்டுவிட்டன. கண் மட்டும் விழித்திருந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா அழுதாள். அழுகிய மீனிலும் அதில் நெளியும் புழுவிலும் இருக்கிற நஞ்சு அது என்று பின்னால் வந்த கால்நடை டாக்டர் சொன்னார். பொட்டுலிசம். மந்தையை வேறு தண்ணீருக்கு மாற்றி, விழுந்தவற்றை நிழலில் கிடத்தி, அலகைத் திறந்து கைத்தண்ணீர் கொடுத்தோம். கழுத்து விழாதவை பாதிக்கு மேல் பிழைத்தன. கழுத்து விழுந்தவை ஒன்றுகூட இல்லை.

வீட்டு வாத்துக்கும் இது வரும். தோட்டத்து மூலையில் செத்த எலி கிடந்தால் போதும்.

நாமக்கல் மாணவி | திங்கள், இரவு 8:50

ஐயா, அதையே நாங்கள் புத்தகத்தில் இரண்டு பத்தியில் படித்தோம். நீங்கள் சொன்னதுதான் எனக்கு மறக்காது.

இதோடு கடலைப் புண்ணாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் உண்டாகும். பறவைகளில் வாத்துக் குஞ்சு அளவுக்கு அதைத் தாங்காத உயிர் குறைவு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் அந்த நஞ்சே தெரிய வந்தது, காரணம் பிரேசிலிலிருந்து போன கடலைப் புண்ணாக்கு. அதற்குப் பிறகு தீவனத்தில் அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே வாத்துக் குஞ்சுகளைத்தான் பயன்படுத்தினார்கள், பாவம். மழைக்காலத்தில் மூட்டையைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். மக்கிய வாசனை வந்தால் குப்பைக்குத்தான், வெயிலில் காயவைத்தால் நஞ்சு போகாது.

திருச்சி வெள்ளை | செவ்வாய், காலை 7:20

வலது கணுக்கால் மூட்டு இடதைவிடத் தடிப்பாக இருக்கிறது, தொட்டால் நன்றாகச் சுடுகிறது. நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, நானும் வாத்தும். இன்று விடுப்பு எடுத்து, எக்ஸ்ரே வசதி உள்ள பெரிய கால்நடை மருத்துவமனைக்குப் போகிறேன்.

செய்யாற்றங்கரை | செவ்வாய், காலை 7:35

பேருந்தில் கூடைக்குள் ஈரச் சாக்கு போடுங்கள். வெயிலில் களைத்துவிடும்.

திருச்சி வெள்ளை | செவ்வாய், இரவு 9:45

போய்வந்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எடை 4.3 கிலோ. பெக்கின் பெட்டைக்கு இது அதிகமாம். என்ன கொடுக்கிறாய் என்று மருத்துவர் கேட்டார். பிராய்லர் தீவனம், மிச்சச் சோறு, அக்கா பையன் ரகசியமாகக் கொடுக்கும் பிஸ்கட். தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறு வாரத்தில் எடை ஏற்றி விற்பதற்கான தீவனத்தை ஒரு வருடமாகப் போட்டிருக்கிறேன்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. வயிற்றில் உலோகமும் இல்லை. தூண்டில் ஈயக்குண்டு, ஆணி, நாணயம் என்று வாத்து எதையும் விழுங்கும், அதனால்தான் வயிற்றையும் சேர்த்து எடுத்தாராம். கணுக்கால் மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார். கலங்கலாக இருந்தது. கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பியிருக்கிறார், எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியுமாம். அதுவரை வலிக்கு மெலாக்சிகம், எடைக்கேற்ற அளவில். இடது பாதத்தை மரக்கவைத்துச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார்.

கடைசியில் "வீட்டில் உயரமான இடத்திலிருந்து குதிக்குமா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுத் திண்ணை இரண்டரை அடி. தினமும் மாலையில் அப்பா திண்ணையில் உட்கார்ந்ததும் அவரே அல்வாவைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். இறங்குவது மட்டும் அதன் சொந்தப் பொறுப்பு, சிமெண்ட் தரையில் தொப்பென்று. ஒரு வருடமாக.

நாமக்கல் மாணவி | செவ்வாய், இரவு 10:30

கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒன்றை மட்டும் திருத்திக்கொள்கிறேன். வலது மூட்டுதான் முதல், இடது பாதப்புண் பின்னால் வந்தது என்று திங்கட்கிழமை உறுதியாகச் சொன்னேன். மூட்டில் கிருமி இருந்தால் அது தலைகீழாகவும் இருக்கலாம். பாதப்புண்ணிலிருந்து கிருமி இரத்தம் வழியாகப் போய், குதித்துக் குதித்து அடிபட்டிருந்த மூட்டில் குடியேறும். எது முதல் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகவே வைத்தியம் பார்க்க வேண்டும்.

திருச்சி வெள்ளை | அடுத்த திங்கள், இரவு 8:05

பரிசோதனை முடிவு வந்தது: ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி. மூன்று வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக். கொங்குப் பண்ணை அண்ணன் சொன்ன மருந்து இதற்குக் கேட்காதாம், வேறொன்று கொடுத்திருக்கிறார். முட்டை இட்டாலும் மருந்து முடிந்து மருத்துவர் சொல்லும் நாள்வரை யாரும் சாப்பிடக் கூடாது. இப்போதைக்கு அது முட்டையே இடவில்லை.

கட்டுப்போடுவதில் ஒரு சிக்கல். வாத்து தண்ணீர்ப் பாத்திரத்தில் காலை வைக்காமல் இருக்காது, கட்டு அரைமணியில் நனைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

வலிகாமம் வளவு | அடுத்த திங்கள், இரவு 8:40

நீந்தவிடும் நேரத்தையும் கட்டு மாற்றும் நேரத்தையும் ஒன்றாக்குங்கள். பழைய கட்டைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் நீந்தவிட்டு, நன்றாக ஈரம் ஒற்றி, மருந்து பூசி, புதுக் கட்டு. மேலே ஒரு பலூனை வெட்டி மாட்டினால் இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் விட்டால் உள்ளே வேர்த்துப் புழுங்கும். குடிதண்ணீரை அலகும் மூக்கும் மட்டும் முங்குகிற ஆழமான, வாய் குறுகிய பாத்திரத்தில் வையுங்கள். மூக்கைக் கழுவத் தண்ணீர் இல்லாவிட்டால் கண் நோய் வரும், அதனால் ஒரேயடியாகக் குறைக்கவும் வேண்டாம்.

கொங்குப் பண்ணை | அடுத்த திங்கள், இரவு 9:10

சரி, மருந்து விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையைப் பற்றிக் கேளுங்கள், அது எனக்குத் தெரியும். வைக்கோல் போடாதீர்கள், நனைந்தால் பூசணம், நுரையீரலுக்குப் போகும். உமி நாலு அங்குலம் போட்டு, ஈரமான இடத்தைத் தினமும் அள்ளிவிட்டுப் புது உமி. அல்லது கழுவிய மணல்.

திருச்சி வெள்ளை | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:30

எழுதத் தாமதமாகிவிட்டது. இடது பாதத்தில் புண் மூடிப் புதுத் தோல் வந்துவிட்டது. வலது கணுக்காலில் சூடு இல்லை, தடிப்பு கொஞ்சம் மிச்சம். அது அப்படியே இருந்துவிடலாம் என்கிறார் மருத்துவர். நடக்கிறது, கவனித்துப் பார்த்தால் இன்னும் லேசாக ஒரு தயக்கம். எடை 3.8. பிராய்லர் தீவனம் நின்றது, தொட்டியில் அசோலா என்ற நீர்ப்பாசித் தீவனம் வளர்க்கிறேன், கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில். கூண்டுக்கு மணல். காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவன் மூட்டை மணலை விலைக்கு வாங்கினேன், அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

சேலம் நண்பரே, உங்கள் குஞ்சுகள் என்னவாயின?

மாடித்தோட்டம் சேலம் | ஞாயிறு, இரவு 7:55

மூன்று நேராக ஓடுகின்றன, ஈஸ்ட் தொடங்கிய நான்காம் நாளே எழுந்து நின்றன. ஒன்றுக்குத் தசைநாண் நழுவிவிட்டது, திருகிய கால் திருகியபடிதான். அது மட்டும் தனிக் கூண்டில், தண்ணீரில் விட்டால் மற்றவற்றைவிட வேகமாக நீந்துகிறது.

செய்யாற்றங்கரை | ஞாயிறு, இரவு 8:20

வெள்ளை, திண்ணைக்கு என்ன செய்தீர்கள்? ஒற்றை வாத்தாக வளர்ப்பதும் சரியில்லை, அது மந்தைப் பிராணி. இன்னொன்று வாங்குங்கள்.

திருச்சி வெள்ளை | ஞாயிறு, இரவு 8:45

இன்னொன்று வாங்க வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது. திண்ணைக்குப் பலகை சாய்த்து, சாக்கு ஒட்டி, அழகாக ஒரு சறுக்குப் பாதை செய்தேன். அல்வா அதில் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. திண்ணை விளிம்பில் நின்று, யாராவது வந்து தூக்கி இறக்கும்வரை கத்துகிறது. அப்பா போய் இறக்குகிறார். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத்தான்.